மகளுக்குக் கூட்டி எழுதிய வயது

எங்கள் வீட்டில் யாருக்காவது மருந்து ஊற்றினால் நான் மூன்று கேள்வி கேட்பேன். யார் ஊற்றியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. ஒரு முறை கேட்டு விட்டுவிட்டால் பரவாயில்லை. பதில் வந்த பிறகும் கேட்பேன். போன வாரம் மருமகள் பொறுமை இழந்து பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, "நீங்களே ஊத்துங்க மாமா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். நான் பாட்டிலை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு அவள் திரும்பி வரும்வரை காவல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மருந்து ஊற்றும் உரிமை பறிபோய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பறித்தவள் என் மனைவி. காரணம் நியாயமானது.

எண்ணுவது எனக்குப் பழக்கம் என்பதைவிட வியாதி என்பதே சரி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். வழியில் தறி ஓடும் வீடுகள் நாற்பத்தொன்று. முப்பத்தெட்டில்தான் சத்தம் கேட்டது என்றால் மீதி மூன்று வீட்டில் என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டுக்கொண்டே போவேன். எங்கள் வம்சத்தில் எல்லோரும் தறியில் உட்கார்ந்து இழை எண்ணினார்கள். நான் ஒருவன்தான் படித்து, நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளை எண்ணினேன். தெருவில் என்னைக் கணக்கு வாத்தியார் என்பார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஆரம்பப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வகுப்பு நடத்தினோம். அதில் இருபத்தைந்து பேர் இருந்தால்தான் வகுப்பு நிலைக்கும். ஆனி மாதம் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. எண்ணிப் பார்த்தேன், இருபத்துநான்கு. தறிக்கு நூல்தார் சுற்ற ஆள் இல்லை என்று ஒரு வீட்டில் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். நான் போய்க் கேட்டதற்கு அந்தப் பெண்ணின் தகப்பன், "படிச்சிட்டு உன்னை மாதிரி ரோட்டுல எட்டு எண்ணிக்கினு போவணுமா வாத்தியாரே?" என்றான். எட்டு எண்ணிக்கொண்டே திரும்பினேன்.

அன்று சாயந்தரம் என் மகள் நடையில் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தாள். வயது நாலு முடிந்து ஒரு மாதம். நான் அவளைப் பார்த்தேன். இருபத்தைந்து என்று மனசு சொல்லிற்று.

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சீட்டெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளை வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் வயதாகிவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. எங்கள் பள்ளியில் அந்தப் பரீட்சை நடத்தும் ஆசிரியர் நான்தான். என் மகளின் விரல் உச்சி வகிட்டைத் தாண்டிச் சற்றே இறங்கி நின்றுவிட்டது. நான் அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். பிறகு முழங்கையைக் கொஞ்சம் தூக்கினேன். பிறகு காதையே கொஞ்சம் மேலே இழுத்தேன். "வலிக்குது நைனா" என்றாள். தொட்டுவிட்டாள் என்று எழுதினேன்.

வயது என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதப் போனவன் நிறுத்தினேன். ஐந்து என்று எழுதினால், ஐந்துதானா என்று இன்ஸ்பெக்டர் உற்றுப் பார்ப்பார். ஆறு என்று இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆறு முடிந்தது என்று எழுதினேன். பொய் சொல்வதிலும் எனக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பள்ளிக் கமிட்டியில் ஒரு டாக்டர் இருந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்தவர். அவர்தான் பதிவேட்டை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "அட, உம்ம பொண்ணையே சேர்த்துட்டீரா வாத்தியாரே? பேஷ்!" என்று தோளில் தட்டினார். நான் பூரித்துப் போனேன். இன்ஸ்பெக்டரும் வந்து இருபத்தைந்தை எண்ணிவிட்டுப் போனார்.

மார்கழி பிறந்ததும் அவளுக்கு இழுப்பு வந்தது. போன வருஷமும் வந்து, கஷாயத்தில் போனதுதான். இந்த முறை போகவில்லை. பக்கத்து வீட்டில் பட்டு வேகவைக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டன. குனிந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். நிமிஷத்துக்கு நாற்பத்துநாலு எண்ணினேன். என் மனைவி, "எண்ணினது போதும், தூக்கினு வாங்க" என்றாள்.

டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். ஆஸ்துமாதான் என்றார். எபிட்ரின் என்று ஒரு மருந்து வந்திருக்கிறது, உள்ளுக்குக் கொடுத்தால் மூச்சுக்குழாய் விரிந்து கொடுக்கும், ஆனால் அளவு பிசகக் கூடாது என்றார்.

"பெரியவங்க அளவை வயசால பெருக்கி, வயசோட பன்னிரண்டைக் கூட்டி, அதால வகுக்கணும். உமக்குத் தெரியாத கணக்கா?" என்று சிரித்தவர், "இவளுக்கு ஆறு முடிஞ்சிருக்கு இல்லையா? பதிவேட்டுல பார்த்தேனே" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "ஆமாங்க, ஏழு நடக்குது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. முடிந்ததைச் சொல்லாமல் நடப்பதைச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். நாக்கு அதன் போக்கில் ஒரு வருஷத்தைச் சேர்த்துவிட்டது. ஏற்கெனவே கூட்டி வைத்த வயதுக்கு மேல் இது ஒரு கொசுறு.

"அப்போ ஏழுன்னே வெச்சுக்கலாம்" என்று எழுதிய டாக்டர், என் மகளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழுக்குப் பொடிசா இருக்காளே?"

"எங்க வம்சமே குள்ளங்க" என்றேன். நான் ஐந்தடி எட்டங்குலம்.

பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். டாக்டர் முன்னால் புருஷனை மறுத்துப் பேசுவது அன்றைக்கு அவள் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை அவள் ஐந்தே நாளில் மாற்றிக்கொண்டாள்.

கம்பவுண்டர் பாட்டிலில் கலந்து கொடுத்தார். பாட்டிலின் பக்கவாட்டில், ஓரம் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. ஒரு பல் ஒரு வேளை. மொத்தம் பன்னிரண்டு பல். ஒரு நாளைக்கு மூன்று வேளை, நாலு நாள். வெளிச்சம் படாமல் துணி சுற்றி வைக்கச் சொன்னார்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று வேளையும் நானே ஊற்றினேன். பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லின் நுனிக்கு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல். அளவு ஒரு மயிரிழை தப்பவில்லை. மூச்சு இறங்கியது. ஆனால் சாயந்தரத்துக்குள் குழந்தை வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டாள். கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது. ஓயாமல் பேசினாள், பேச்சுக்கு நடுவில் அழுதாள், படுக்க வைத்தால் எழுந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். நூற்று ஐம்பது.

"நெஞ்சு தபதபன்னு அடிச்சிக்குது பாருங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"என்னான்னு சொல்றது?"

"நாலு வயசுப் புள்ளைன்னு சொல்லுங்க. வாயில என்னா கொழுக்கட்டையா?"

சொன்னால் பதிவேடு பொய் என்று ஆகும். பதிவேட்டில் பொய் எழுதிய வாத்தியார் என்று ஆகும். அதுவும் கையெழுத்துப் போட்ட மனிதரிடமே போய்ச் சொல்ல வேண்டும். "காலையில பார்க்கலாம்" என்றேன். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

சும்மா இருந்தால் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதுதான் என் துரதிர்ஷ்டம். டாக்டர்தான் சூத்திரத்தைச் சொல்லிவிட்டாரே! சிலேட்டை எடுத்தேன். ஏழு வயதுக்கு எவ்வளவு, நாலு வருஷம் ஏழு மாதத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊற்றியதில் கிட்டத்தட்டச் சரியாக முக்கால் பங்கு! பாட்டிலில் மீதி ஒன்பது பல். மூன்று பல் அளவு ஆறின வெந்நீர் சேர்த்தால் பன்னிரண்டு. பன்னிரண்டில் ஒன்பது முக்கால். கணக்கு இவ்வளவு அழகாக வருவதே, கடவுள் என் பக்கம் இருப்பதற்கு அத்தாட்சி என்று நினைத்தேன். மனைவி அடுப்பங்கரையில் இருந்தபோது தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, துணியைச் சுற்றி மாடத்தில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "டாக்டருகிட்ட போங்கன்னா பாட்டிலோட மல்லுக்கட்டுறீங்களே" என்பாள்.

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போய்விட்டேன். மருந்து மனைவி பொறுப்பு. சாயந்தரம் வந்து நாடி பார்த்தேன். நூற்றுப் பதினாறு. நடுக்கம் இல்லை. என் முக்கால் வேலை செய்கிறது! வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தும்போது எனக்கே என் குரல் கம்பீரமாகக் கேட்டது. பாட்டிலில் எத்தனை பல் குறைந்திருக்கிறது என்று ஒரு தடவை, ஒரே தடவை, துணியைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். தெருத் தறிகளை எண்ணியவன், பள்ளிக்கு எட்டு எண்ணியவன், மகளின் நாடியை இருபது தடவை எண்ணியவன், அதை மட்டும் எண்ணவில்லை. என் விடையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை மூச்சில் மெல்ல விசில் கேட்டது. புதன்கிழமை கொஞ்சம் கூடியது. பனி அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை விடிந்தபோது குழந்தையால் ஒரு வார்த்தை முழுசாகப் பேச முடியவில்லை. "நை" என்றாள், மூச்சு வாங்கினாள், "னா" என்றாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. உதட்டின் நிறம் மாறியிருந்தது. ஐம்பத்திரண்டு வரை எண்ணினேன். மேலே எண்ண வரவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மனைவி, துணி சுற்றிய பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

டிஸ்பென்சரியில் டாக்டர் அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துக் குழாயை வைத்தார். முகம் இறுகியது.

"நாலு நாளா வேளை தவறாம மருந்து போச்சா?"

"போச்சுங்க" என்றேன்.

"போச்சுங்க" என்றாள் என் மனைவி.

"எபிட்ரின் சாப்பிட்டுமா இப்படி? அப்போ இந்த அளவு இவளுக்குப் பத்தலை." கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "ரெட்டிப்பா ஊத்துப்பா. சீக்கிரம்."

கம்பவுண்டர் அளவுக் கண்ணாடியில் மருந்தை ஊற்ற ஆரம்பித்தார். என் மனசு கேட்காமலே கணக்குப் போட்டது. ஏழு வயதுக்கு உரியதில் இரண்டு பங்கு. நாலரை வயதுக்கு உரியதில் இரண்டரைப் பங்குக்கும் மேல். ஒரு பங்கும் சொச்சமும் போனதற்கே நெஞ்சு நூற்று ஐம்பது அடித்தது. கண்ணாடி வருகிறது. பதிவேடு, கமிட்டி, தெருவில் என் பெயர் எல்லாம் ஒரு பக்கம் நின்றன. வெட்கத்தோடு சொல்கிறேன், அவை உடனே விலகவில்லை. கண்ணாடி அவள் உதட்டில் படும்வரை நின்றன. அப்புறம்தான் கம்பவுண்டரின் மணிக்கட்டைப் பிடித்தேன். மருந்து என் வேட்டியில் சிந்தியது.

"நாலு வயசுங்க" என்றேன். "நாலு முடிஞ்சு ஏழு மாசம். ஏழு வயசு இல்லீங்க. ஆறும் இல்லீங்க. நான் எழுதினது பொய்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன உளர்றீர்?"

"தண்ணி வேற ஊத்திட்டேங்க. மூணு பல்லு. உங்க சூத்திரப்படி முக்கால் பங்கு ஆக்கினேன்."

அப்போதுதான் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நீங்களுமா? அளவு அதிகம்னு நான் திங்கக்கிழமையிலேர்ந்து பாதிப் பல்லுதான் குடுத்துக்கினு வரேன்! இவரு வாயைத் திறக்க மாட்டாரு, நாமளாவது குறைச்சிக் குடுப்போம்னு..."

டாக்டர் பாட்டிலை வாங்கித் துணியைப் பிரித்தார். நாலு நாளில் காலியாக வேண்டிய பாட்டிலில் ஏழரைப் பல் மருந்து நின்றது. முக்காலில் பாதி. நான் போட்டதிலேயே மிக எளிய கணக்கு அதுதான், போடத்தான் பிடிக்கவில்லை. குழந்தைக்கு வேண்டியதில் சரிபாதிதான் மூன்று நாளாக அவள் உடம்பில் போயிருக்கிறது.

அவர் எங்கள் இருவரையும் திட்டவில்லை. முதலில் கம்பவுண்டரிடம் புது அளவு சொல்லி, தன் கையாலேயே வாங்கிப் பார்த்துக் குழந்தைக்குப் புகட்டினார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் மூச்சை எண்ணினேன். ஐம்பது. நாற்பத்தெட்டு. நெடுநேரம் நாற்பத்தெட்டிலேயே நின்றது. அந்த நேரத்தில் நான் செய்துகொண்ட வேண்டுதல்கள் ஏகாம்பரநாதருக்கு இரண்டு, காமாட்சிக்கு மூன்று. நாற்பத்திரண்டு. முப்பத்தாறு. உதட்டில் சிவப்பு திரும்பியது. "நைனா, வேட்டியில பூசிக்கினியா?" என்று நடுவில் மூச்சு வாங்காமல் முழுசாகக் கேட்டாள். என் மனைவி அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு டாக்டர் பேசினார். அதுவரை நீர் என்றவர் நீ என்றார்.

"மருந்து அதிகமா வேலை செஞ்சா நிறுத்திட்டு என்கிட்ட ஓடி வரணும். நீயா குறைக்கக் கூடாது. நீயா கூட்டக் கூடாது. நீ தண்ணி ஊத்தினது எனக்குத் தெரியாது. அவ பாதி குடுத்தது உனக்குத் தெரியாது. மருந்து பத்தலைன்னு நான் ரெட்டிப்பாக் குடுத்திருப்பேன். புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா, ஏன் ஆச்சுன்னு எனக்குக் கடைசிவரை தெரிஞ்சிருக்காது." குழந்தையைப் பார்த்தார். "உன் பேச்சை நம்பினேனே, என் கண்ணை நம்பினேனா? அது என் தப்பு."

பிறகு பக்கத்துப் பட்டுக் கடையின் பெரிய தராசுக்கு எங்களை அழைத்துப்போனார். குழந்தையை ஒரு தட்டில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் மறு தட்டில் வீசைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பத்து வீசைக்கு, இன்றைய கணக்கில் பதினாலு கிலோவுக்கு, முள் நின்றது. "இது ஏழு வயசு எடையா வாத்தியாரே?" என்று டாக்டர் கேட்டார். கடைக்காரர் விஷயம் தெரியாமல், "ஏழா? யாரு சொன்னது?" என்று சிரித்தார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடையையும் வயதையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் அளவை எழுதினார்.

போகும்போது என் மனைவியிடம் மட்டும் சொன்னார். ஒருவர்தான் ஊற்ற வேண்டும், அது நீ. ஊற்றினதும் சிலேட்டில் குறி போட வேண்டும். பொழுது சாய்ந்தபிறகு கொடுத்தால் தூக்கம் போய்விடும், கடைசி வேளையை முன்னாலேயே கொடு. காப்பித் தண்ணி ஆகாது. கை நடுங்கினாலோ நெஞ்சு அடித்துக்கொண்டாலோ அடுத்த வேளை கிடையாது, நேரே இங்கே வா. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எனக்கும் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். "நீ போய்ப் பதிவேட்டைத் திருத்து" என்றார்.

திருத்தினேன். ஆறை அடித்துச் சிவப்பு மையில் நாலு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். தலைமை ஆசிரியர், "கையெழுத்து நல்லா இருக்குதுய்யா. வேலைதான் நல்லா இல்ல" என்றார். கமிட்டியில் எனக்கு எழுத்து மூலமாக ஒரு கண்டனம் கொடுத்தார்கள். தெருவில் அந்த வருஷம் முழுதும், எதிரே வருகிறவன் தன் பிள்ளையை எனக்குக் காட்டி, "வாத்தியாரே, இவனுக்கு என்னா வயசு போடலாம்?" என்று கேட்பான். எண்ணி வைத்திருக்கிறேன், பதினேழு பேர் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே பிள்ளையைக் காட்டிக் கேட்டார்கள்.

தை கடைசியில் மறுபடி லேசாக இழுப்பு வந்தது. இந்த முறை மூச்சில் விசில் கேட்ட அன்றே மூவரும் டிஸ்பென்சரிக்குப் போனோம். டாக்டர் பழைய சீட்டைத் தேடிக்கொண்டே, "வயசு என்ன இப்போ?" என்றார். நான் வாயைத் திறந்தேன். மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

"நாலு முடிஞ்சு எட்டு மாசங்க. அவரு எதுனா சொன்னாருன்னா எழுதிக்காதீங்க."

நானும் அதையேதான் சொல்ல வந்தேன் என்று யாரும் நம்பவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். கம்பவுண்டர் அளவுக் கண்ணாடியை என்னைத் தாண்டி அவள் கையில் கொடுத்தார். அவள் ஊற்றினாள், குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். நான் கடிகாரத்தை எடுத்து மூச்சை எண்ண ஆரம்பித்தேன். அதற்கு மட்டும் யாரும் என்னைத் தடுக்கவில்லை.